உப்பூரில் எழாத மின்நிலையமும் இராமநாதபுரம் கடற்கரையின் மின்கட்டணமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பர் 9 அன்று பிறப்பித்த கட்டண ஆணை மறுநாளே நடைமுறைக்கு வந்தது. 2014 டிசம்பருக்குப் பிறகு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அசையாதிருந்த மின்கட்டணத்தை உயர்த்துவதற்கு அரசும் மின்வாரியமும் சொன்ன காரணங்களில் இரண்டு முதன்மையானவை. கடனும் வட்டியும் தாங்க முடியாத அளவை எட்டிவிட்டன என்பது ஒன்று. நடந்துகொண்டிருக்கும் மின்னுற்பத்தித் திட்டங்களை முடிக்க ஒன்றிய அரசின் நிதி நிறுவனங்கள் மேலும் கடன் தர வேண்டுமானால் கட்டணத்தைத் திருத்தியே ஆக வேண்டும் என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது காரணத்தை இராமநாதபுரம் கடற்கரையின் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு ஓர் உறுத்தல் ஏற்படும். இம்மாவட்டத்துக்கென்று அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய மின்நிலையமான உப்பூரின் 1,600 மெகாவாட் அனல்மின் திட்டம், ஒரு யூனிட்கூட உற்பத்தி செய்யாமலேயே 2021இல் இடம் மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே கட்டணம் உயர்ந்தது. ஒன்று மற்றொன்றுக்கு நேரடிக் காரணம் என்று சொல்வது மிகையாகும். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பதும் உண்மையன்று. முடிவடையாத ஒரு மின்நிலையத்தின் செலவு மின்நுகர்வோரிடம் எந்த வழியாக வந்து சேருகிறது என்பதே இங்கு ஆய்வுக்குரிய கேள்வி. விதிப்படி அது வரக்கூடாது. நடைமுறையில் வேறொரு வாசல் வழியாக வந்துவிடுகிறது. கட்டண விசாரணைகளில் அந்த வாசலைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது என்பது என் கருத்து.

மின்நிலையம் கட்டணத்துக்குள் நுழையும் முறை

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசிடமோ வாரியத்திடமோ இல்லை. மாநில ஒழுங்குமுறை ஆணையத்திடமே இருக்கிறது. வாரியம் தன் ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு மனு அளிக்க வேண்டும். ஆணையம் மக்களின் கருத்துகளைக் கேட்டு 120 நாட்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். ஆணையம் ஏற்கும் கட்டணத்துக்குக் குறைவாக ஏதேனும் ஒரு பிரிவினரிடம் வசூலிக்க அரசு விரும்பினால், அந்த வித்தியாசத்தை மானியமாக முன்கூட்டியே செலுத்த வேண்டும். வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பது இந்த ஏற்பாட்டின் கீழ்தான் நடக்கிறது.

புதிய மின்நிலையத்தைப் பொறுத்தவரை, அதன் மூலதனச் செலவு வணிக உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்துதான் கட்டணக் கணக்கில் சேரும். அதற்கு முன் எடுத்த கடனின் வட்டி, 'கட்டுமானக் கால வட்டி' என்ற தலைப்பில், மின்நிலையத்தின் விலையோடு சேர்த்து எழுதப்படும். உற்பத்தி தொடங்கிய பிறகு வட்டி, தேய்மானம், பங்கு மூலதனத்தின் மீதான வருவாய், பராமரிப்பு ஆகியவை நிலைச்செலவாகவும், நிலக்கரி மாறும் செலவாகவும் இரண்டு பகுதிகளாக வசூலிக்கப்படும். மூலதனத்தில் 70 விழுக்காடு கடன், 30 விழுக்காடு பங்கு என்று கொள்வதே பொது வழக்கம்.

உப்பூரின் அளவை வைத்து ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தலா 800 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளுக்கு மதிப்பிடப்பட்ட செலவு ஏறத்தாழ 12,700 கோடி ரூபாய். அதில் 70 விழுக்காடான 8,890 கோடி கடன் என்றும், வட்டி 10 விழுக்காடு என்றும் கொண்டால், ஆண்டு வட்டி 889 கோடி ரூபாய். மின்நிலையம் 85 விழுக்காடு அளவுக்கு இயங்கினால் ஆண்டுக்குச் சுமார் 1,191 கோடி யூனிட் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு யூனிட்டிலும் வட்டிக்கென்று மட்டும் 75 காசு இருக்கும். அதே மின்நிலையம் பாதித் திறனில் ஓடினால் வட்டிப் பங்கு 1 ரூபாய் 27 காசாக ஏறிவிடும். மின்நிலையம் ஓடினாலும் நின்றாலும் நிலைச்செலவு நிற்காது என்பதே இதன் பொருள்.

இந்தக் கணக்கில் உற்பத்தி தொடங்கும் தேதிதான் முக்கியமானது. பாதிக் கடன் எடுக்கப்பட்ட நிலையில் ஒரு திட்டம் ஓராண்டு தேங்கி நின்றால் மேலும் 440 கோடி ரூபாய்க்கு மேல் வட்டி சேரும். முழுக்கடனும் எடுத்த பின் நின்றால் அதைப்போல் இரு மடங்கு சேரும். தாமதம் நியாயமானதா என்று ஆராய்ந்து, நியாயமற்ற பகுதியைத் தள்ளும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. தள்ளினால் அந்தத் தொகை வாரியத்தின் நட்டமாகும். வாரியமோ முழுக்க முழுக்க அரசுக்குச் சொந்தமானது. தன் நட்டத்தைத் தாங்கிக்கொள்ளத் தனியே ஒரு முதலாளி அதற்கு இல்லை. ஆகவே அந்த நட்டம் புதிய கடனாக மாறுகிறது. நான் முன்னே குறிப்பிட்ட வாசல் இதுதான்.

உப்பூரில் நடந்தது

திருவாடானைக்கும் ஆர்.எஸ். மங்கலத்துக்கும் கிழக்கே, வெயிலுகந்த விநாயகர் கோயிலால் அறியப்பட்ட உப்பூர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அருகே திருப்பாலைக்குடி, வளமாவூர் போன்ற ஊர்கள். எதிரே இருப்பது ஆழம் குறைந்த பாக் நீரிணைப்புக் கடல். இங்கே அனல்மின் நிலையம் அமைக்கும் திட்டத்துக்கு 2016இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கொதிகலன், விசையாழி முதலிய முதன்மை இயந்திரங்களுக்கான பணி பெல் நிறுவனத்துக்குப் போயிற்று.

அந்த ஆண்டுகளில் இந்தத் திட்டத்துக்கு இருந்த ஆதரவை இன்று நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாவட்டங்களுக்கு அதைப்போல் பல மடங்கு வெட்டு விழுந்தது. ஐஸ் கம்பெனிகள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே பிழைத்தன. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களிடம் 'ஊரிலேயே மின்நிலையம் வருகிறது' என்பது சிறிய செய்தியாக இருந்திருக்க முடியாது.

ஆனால் நிலக்கரியில் ஓடும் 1,600 மெகாவாட் நிலையத்துக்குக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். எடுத்த நீரைத் திருப்பி விட வேண்டும். இரண்டுக்கும் கடலுக்குள் கட்டுமானம் தேவைப்படும். கரையோரத்தில் சிறு வலைகளோடு தொழில் செய்யும் நாட்டுப்படகு மீனவர்களுக்கு இது வாழ்வாதாரக் கேள்வி. கண்மாய்கள், வரத்துக்கால்கள் நிறைந்த நிலப்பகுதி என்பதால் விவசாயிகளுக்கும் அச்சம் இருந்தது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. கட்டுமானப் பணிகள் தொடங்கிவிட்ட நிலையில், 2021 மார்ச்சில், அதன் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டில் வாரியம் உப்பூர்த் திட்டத்தைத் தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடிக்கு மாற்ற முடிவெடுத்தது. உடன்குடியில் 2017 இறுதியில் பணி ஒப்படைக்கப்பட்ட 1,320 மெகாவாட் நிலையத்துக்கெனத் தனி நிலக்கரி இறங்குதளம் கட்டப்பட்டு வந்தது. உப்பூருக்கு அத்தகைய வசதி இல்லை.

மீனவர்கள் எதிர்த்ததால்தான் மின்சாரம் விலை ஏறியது என்று சிலர் பேசுவதுண்டு. இதை நான் ஏற்கவில்லை. கடலுக்குள் என்ன கட்டப்போகிறோம், அதன் ஒட்டுமொத்த விளைவு என்ன என்பதைக் கடனை எடுப்பதற்கு முன்பே ஆராய்ந்திருக்க வேண்டியது திட்டத்தைத் தீட்டியவர்களின் பொறுப்பு. நிலக்கரியை எந்த வழியாகக் கொண்டுவருவது என்ற கேள்விகூட ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இடமாற்றத்துக்குக் காரணமாகும் அளவுக்குத் தீராமல் இருந்ததென்றால், பிழை கரையில் நின்று கேள்வி கேட்டவர்களுடையதாக இருக்க முடியாது.

தாமதம் உப்பூரோடு நிற்கவுமில்லை. எண்ணூர் விரிவாக்கத் திட்டத்தில் பணியேற்ற நிறுவனமே திவாலானது. 800 மெகாவாட் வடசென்னை மூன்றாம் நிலை 2024 மார்ச்சில்தான் திறந்துவைக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் எடுத்த கடனுக்கு, மின்சாரம் வருவதற்கு முன்பே, வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

வராத மின்சாரத்தின் விலை

சொந்த நிலையங்கள் வராத இடைவெளியை வாரியம் வெளியிலிருந்து வாங்கி நிரப்பியது. தனியார் உற்பத்தியாளர்களோடு யூனிட் 4 ரூபாய் 91 காசு என்ற விலையில் செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தங்கள் ஒரு பக்கம். அவசரத்துக்கு மின்சந்தையில் வாங்குவது மறுபக்கம். 2022இன் நிலக்கரித் தட்டுப்பாட்டின்போது சந்தை விலை கட்டுக்கடங்காமல் போனதால் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்கு 12 ரூபாய் என்று உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. 2023இல் அது 10 ரூபாயானது. அந்த விலைக்கு வாங்கி, ஒரு யூனிட்டுக்கு இரண்டு மூன்று ரூபாய் வசூலாகும் வீட்டுக்குக் கொடுத்தால் மீதியை யார் தருவது? 2014 முதல் 2022 வரை அதற்கு நம் மாநிலம் சொன்ன விடை, கடன்.

2022 ஜூலையில் கட்டண உயர்வை அறிவித்தபோது அரசு வெளியிட்ட புள்ளிவிவரங்களே இதற்குச் சான்று. 2011-12இல் 43,493 கோடி ரூபாயாக இருந்த வாரியத்தின் கடன் 2020-21இல் 1,59,823 கோடியாக வளர்ந்திருந்தது. ஆண்டு வட்டி 4,588 கோடியிலிருந்து 16,511 கோடியாகியிருந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக 45 கோடி ரூபாய். இடையே 2017இல், மின்பகிர்மான நிறுவனங்களின் கடனைச் சீரமைக்கும் ஒன்றிய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்து 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசே தன் தலையில் ஏற்றுக்கொண்ட பின்னும் நிலைமை இது.

இந்தக் கடனில் எவ்வளவு தேங்கிய திட்டங்களுக்கு, எவ்வளவு அன்றாட நட்டத்தை அடைக்க என்று பிரித்துப் பார்த்தால்தான் கட்டண உயர்வின் நியாயம் புரியும். ஆனால் அதைப் பிரித்துக் காட்டும் பழக்கம் பொதுவிவாதத்தில் இல்லை. 'புதிய மின்னுற்பத்திக்காக' என்ற சொற்றொடர் இரண்டையும் ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறது. புதிய நிலையத்துக்காகக் கட்டணம் தருவதை நுகர்வோர் எளிதாக ஒப்புக்கொள்வர். பழைய நட்டத்தின் வட்டிக்காகத் தருவதாகச் சொன்னால் கேள்வி கேட்பர்.

2022 ஆணை வீடுகளில் செய்தது

இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டுக்கு எதுவும் மாறவில்லை. கடற்கரைக் கிராமங்களில் இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சியோடு வாழும் குடும்பங்கள் பல இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே போகும்போதுதான் கணக்கு சுவையானது.

200 யூனிட் பயன்படுத்தியவர் முன்பு நிலைக்கட்டணம் சேர்த்து 170 ரூபாய் கட்டினார். புதிய ஆணைக்குப் பின் 225 ரூபாய். 400 யூனிட்டுக்கு 830 ரூபாய் 1,125 ஆனது. 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய் 1,725 ஆனது. அதாவது ஏறத்தாழ 53 விழுக்காடு உயர்வு. ஆனால் 600 யூனிட் பயன்படுத்தியவருக்கு 2,440 ரூபாய் 2,750 மட்டுமே ஆனது. 13 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயிரம் யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 5,080 ரூபாய் 6,550 ஆகி, உயர்வு 29 விழுக்காடாக நின்றது.

இதற்கு விளக்கம் உண்டு. பழைய முறையில் 500 யூனிட்டைத் தாண்டி ஒரு யூனிட் எரித்தாலும் முழுப் பில்லும் வேறு வரிசைக்குத் தாவி, ஒரேயடியாக 650 ரூபாய்க்கு மேல் கூடும். அந்தப் பள்ளத்தை 2022 ஆணை பெருமளவு தூர்த்தது. தூர்த்த மண் 400க்கும் 500க்கும் இடையில் இருப்பவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. கோடையில் புழுக்கம் தாங்காமல் ஓர் அறைக்கு மட்டும் ஏசி பொருத்திய ஆசிரியர் வீடு, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணத்தில் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஓடும் கீழக்கரை, தொண்டி வீடுகள் ஆகியவை விழும் இடம் இதுதான். மேல்தட்டுக்குக் கடுமையாகவும் நடுத்தரத்துக்கு மென்மையாகவும் ஏற்றப்பட்டது என்ற பரவலான எண்ணத்தை இந்த எண்கள் ஆதரிக்கவில்லை.

ஆணையில் இன்னொன்றும் இருந்தது. 2026-27 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று, நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் தானாக ஏறும். 2023இல் 2.18 விழுக்காடு, 2024இல் 4.83, 2025இல் 3.16 என்று ஏறியது. முதல் முறையும் மூன்றாம் முறையும் வீடுகளுக்கான உயர்வை அரசு மானியமாக ஏற்றுக்கொண்டது. எட்டு ஆண்டுகள் தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுந்து நடப்பதைவிட ஆண்டுக்குச் சிறிது ஏற்றுவது நல்ல முறைதான். ஆனால் விலைவாசிக் குறியீட்டுக்கும் மின்நிலையங்களின் உண்மைச் செலவுக்கும் நேரடி உறவு இல்லை. ஆண்டுதோறும் தானாக ஏறும் கட்டணத்தில், திட்டங்கள் ஏன் தாமதமாயின என்று கேட்கும் தருணமும் தானாகவே தள்ளிப்போகிறது.

ஐஸ் கம்பெனியின் கணக்கு

இராமேசுவரம், மண்டபம், தொண்டி கரைகளில் கட்டண உயர்வின் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் வீட்டு மீட்டரைவிட ஐஸ் கம்பெனியின் மீட்டரைப் பார்ப்பது நல்லது. தாழ்வழுத்தத் தொழில் இணைப்புக்கான யூனிட் விலை 6 ரூபாய் 35 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாயிற்று. நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்தது, 50 கிலோவாட் வரை 75 ரூபாயாகவும் அதற்கு மேல் 150 ரூபாயாகவும் உயர்ந்தது. தாழ்வழுத்தத்தின் மேல்வரம்பான 112 கிலோவாட் இணைப்பு வைத்திருக்கும் ஒரு நிலையத்தை எடுத்துக்கொண்டால், மாதம் 3,920 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம் 16,800 ரூபாயாகிறது. ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை இது.

இந்தக் கடற்கரையில் தொழில் ஆண்டு முழுவதும் சீராக நடப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பாக் நீரிணைப்பில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களே கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. புயல் எச்சரிக்கை வந்தால் அதுவும் இல்லை. இலங்கைக் கடற்படையின் கைதுகளைக் கண்டித்து வேலைநிறுத்தம் நடக்கும் நாட்களை இதில் நான் சேர்க்கவில்லை. படகு போகாத நாளில் ஐஸ் விற்காது. தடைக்காலத்தின் இரண்டு மாதங்களுக்கு முன்பு 7,840 ரூபாய் நிலைக்கட்டணம் கட்டிய அதே நிலையம் 2022இன் புதிய விகிதத்தில் 33,600 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று.

அடுத்தது உச்சநேரக் கட்டணம். காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் எரிக்கும் யூனிட்டுக்கு 25 விழுக்காடு கூடுதல் என்று தாழ்வழுத்தத் தொழில்களுக்கும் விதிக்கப்பட்டது. சிறுதொழில் முனைவோர் எதிர்த்த பின்னர் அது 15 விழுக்காடாகக் குறைந்தது. உச்சநேரத்தில் இயந்திரத்தை நிறுத்தி வைத்துப் பிறகு ஓட்டுங்கள் என்பதே இக்கட்டணத்தின் நோக்கம். மாவு மில்லால் அதைச் செய்ய முடியும். உப்புநீர்த் தொட்டியில் டின்களை இறக்கி அமோனியா கம்ப்ரசரை ஓட்டிக் கட்டி ஐஸ் உறையவைக்கும் நிலையத்தில், ஒரு சுற்று உறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகலாம். நடுவே நான்கு மணி நேரம் நிறுத்தினால் தொட்டி சூடேறி, மீண்டும் குளிர்விக்கக் கூடுதல் மின்சாரம் பிடிக்கும். எல்லாத் தொழிலுக்கும் ஒரே விதி என்பதன் குறை இங்கே தெரிகிறது.

ஒரு டன் கட்டி ஐஸுக்குச் சராசரியாக 65 யூனிட் ஆகும் என்று கொண்டால், யூனிட் விலை உயர்வால் மட்டும் டன்னுக்கு 75 ரூபாய் கூடுகிறது. 50 கிலோ கட்டி ஒன்றுக்கு நாலு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சிறிய தொகையாகத் தோன்றும். ஆனால் அதை யார் கட்டுகிறார்கள் என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். படகு கரை திரும்பியதும் மீன் விற்ற பணத்திலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துக்கொண்டுதான் படகு உரிமையாளரான சம்மாட்டிக்கும் கடலுக்குப் போனவர்களுக்கும் பங்கு பிரிக்கப்படும். ஆகவே ஐஸின் விலையேற்றம் பங்காளிகள் எல்லோர் மீதும் விழுகிறது. வீட்டில் 100 யூனிட்டைத் தாண்டாமல், கரண்ட் பில்லே இல்லாமல் வாழும் மீனவரும் மின்கட்டண உயர்வின் ஒரு பங்கைக் கடலிலேயே கட்டிவிட்டு வருகிறார். இலவச வரம்பு ஏழைகளைக் காக்கிறது என்ற வாதம் பெரும்பாலும் சரியே. இந்த மறைமுக வழியை அது கணக்கில் எடுப்பதில்லை.

கமுதியும் வழுதூரும்

மின்சாரமே உற்பத்தியாகாத மாவட்டம் இது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வழுதூரில் உள்ளூர் எரிவாயுவைக் கொண்டு ஓடும் வாரியத்தின் 187 மெகாவாட் நிலையம் இருக்கிறது. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, கமுதியில், 2016இல் 2,500 ஏக்கரில் எழுந்த அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரிய மின்பூங்கா, அன்று ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையமாகப் பேசப்பட்டது. உப்பூர் ஐந்து ஆண்டுகளில் எழாத அதே மாவட்டத்தில், இது எட்டு மாதங்களில் கட்டி முடிக்கப்பட்டது.

கமுதிக்காக வாரியம் கடன் வாங்கவில்லை; முதலீடு முழுவதும் தனியாருடையது. அதற்குப் பதிலாக, 2015 ஜூலையில் 25 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் போடப்பட்டது. விலை, அன்றைய ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி, யூனிட் 7 ரூபாய் 1 காசு. அதில் ஒரு பகுதிக்கு அந்த விலை பொருந்துமா என்பது பிறகு வழக்காகவும் ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில், 2017இல், தமிழ்நாடே நடத்திய 1,500 மெகாவாட் சூரிய மின்சார ஏலத்தில் விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. இராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசைத் தொட்டது.

ஆகவே கடன் வாங்காமல் உற்பத்தியைப் பெருக்கினால் நுகர்வோருக்குச் சுமையில்லை என்ற எளிய முடிவுக்கும் வர முடியாது. உப்பூரில் தாமதம் சுமையானது. கமுதியில் விலை சரிந்துகொண்டிருந்த நேரத்தில் நீண்டகாலத்துக்குக் கட்டுப்பட்டது சுமையானது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கமுதியின் விலை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால் அதை விமர்சிக்க முடிகிறது. தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மின்சாரமும் வருகிறது. உப்பூரின் விலை எந்தப் பக்கத்திலும் தனியாக எழுதப்படவில்லை.

சூரியன் இருக்கும் வரைதான் கமுதி. இராமேசுவரத்து ஐஸ் கம்பெனி உச்சநேரக் கட்டணம் கட்டும் மாலை ஆறு மணிக்குப் பின் அதன் உற்பத்தி சுழியாகிவிடும். அந்த நேரத்துக்குத்தான் அனல்மின் நிலையம், எரிவாயு நிலையம், அல்லது பகலில் சேமித்து இரவில் தரும் மின்கல அமைப்பு தேவைப்படுகிறது. புதிய உற்பத்திக்காகக் கட்டணம் உயர்த்துவதாக அடுத்த முறை சொல்லப்படும்போது, எந்த நேரத்துக்கான உற்பத்தி என்று கேட்பது நியாயமான கேள்வி. பகல்நேர மின்சாரம் மலிவாகிவிட்ட காலத்தில், மேலும் 1,600 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டி அதைப் பகலில் பாதித் திறனுக்கு இறக்கி ஓட்டினால், மேலே கண்ட வட்டிக் கணக்கு 75 காசில் நிற்காது.

விசாரணையில் கேட்கப்பட வேண்டியவை

2022 ஆகஸ்டில் கட்டண மனுவின் மீது கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று இடங்களில் பொது விசாரணை நடந்தது. சட்ட உறுப்பினர் இல்லாமல் ஆணையம் ஆணை பிறப்பிக்கலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்று, தனி நீதிபதி விதித்த தடை பின்னர் இரு நீதிபதிகள் அமர்வில் விலகியது. அந்தச் சட்டச் சிக்கல் செய்திகளில் பெற்ற இடத்தை, திட்டவாரியான செலவு பெறவில்லை.

ஒழுங்குமுறையில் பெரிய மாற்றம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். கட்டண மனுவோடு, கைவிடப்பட்ட அல்லது இடம் மாற்றப்பட்ட ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக, எடுத்த கடன், செலுத்திய வட்டி, ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுத்த தொகை, மீட்கக்கூடிய சொத்து ஆகியவற்றைக் காட்டும் ஒரு தாளை இணைத்தால் போதும். உப்பூருக்கென நடந்த செலவில் ஏதேனும் ஒரு பகுதி உடன்குடியின் மூலதனத்தில் ஏற்றப்படுமா, வாரியத்தின் பொது நட்டத்தில் கரையுமா, மாநில அரசு ஏற்குமா என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். மூன்றாவது வழியே சரி என்பது என் தீர்ப்பு. இடத்தைத் தேர்ந்ததும் கைவிட்டதும் கொள்கை முடிவுகள். அவற்றின் செலவை யூனிட் கணக்கில் வசூலிக்கும்போது, அதிகம் எரித்தவர் அதிகம் தண்டம் கட்டுகிறார். அரசுக் கருவூலத்திலிருந்து கொடுத்தாலும் அது மக்கள் பணமே என்று மறுக்கலாம். ஆனால் சட்டமன்றத்தில் கேள்விக்குள்ளாகும் பணம் அது.

இதற்கான காலமும் நெருங்கி வருகிறது. ஆண்டுதோறும் தானாக ஏறும் தற்போதைய ஏற்பாடு 2026-27உடன் முடிகிறது. 2024இல் வாரியத்தின் நிறுவனம் மின்பகிர்மானக் கழகம், மின்னுற்பத்திக் கழகம், பசுமை எரிசக்திக் கழகம் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், உற்பத்திக் கழகம் பகிர்மானக் கழகத்துக்கு என்ன விலையில் விற்கிறது என்பதைத் தனியே பார்க்க முடியும். பல மாநிலங்களில் கட்டணத்தில் சேர்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஒத்திவைத்த நிலுவைகளைக் குறித்த காலக்கெடுவுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், பழைய நட்டங்களைக் கடனில் தள்ளிக்கொண்டே போகும் வழியும் குறுகிவிட்டது. உடன்குடியின் மூலதனச் செலவை ஆணையம் ஆராயும்போது அதன் கட்டுமானக் கால வட்டியில் எவ்வளவு ஏற்கப்படுகிறது என்பது, 1,600 மெகாவாட் உப்பூர்த் திட்டத்தின் கணக்கு எங்கே போய் முடியும் என்பதற்கு முன்னோட்டமாக இருக்கும்.

கடந்த முறை திருப்பாலைக்குடி மீனவரோ மண்டபத்து ஐஸ் கம்பெனிக்காரரோ தன் கருத்தை நேரில் சொல்ல விரும்பியிருந்தால், ஒரு நாள் தொழிலை விட்டு மதுரைக்குப் போயிருக்க வேண்டும். விசாரணையை இந்த மூன்று நகரங்களில்தான் நடத்த வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. பல ஆண்டுகளுக்கான அடுத்த கட்டண மனு வரும்போது இராமநாதபுரத்தில் ஓர் அமர்வு வேண்டும் என்ற கோரிக்கையை, தடைக்காலமாகிய அந்த 61 நாட்களுக்குள் ஒரு நாளைக் குறித்து, மீனவர் சங்கங்களும் சிறுதொழில் அமைப்புகளும் சேர்ந்து ஆணையத்துக்கு இப்போதே எழுத்து மூலம் அனுப்பலாம்.